ரெண்டரை தூக்காத வண்டி

கிடங்கில் அவரைக் கேள்வித்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. ஒன்று கேட்டால் பதிலுக்கு இரண்டு கேட்கிற ஆள். "இந்த லோடைத் தூக்கி உள்ள வை" என்றால், "என்ன எடை? எவ்வளவு நீளம்?" என்பார். சொல்லத் தெரியவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். உடன் வேலை செய்கிறவர்களில் அவரைப் பிடித்தவர் ஒருவரும் இல்லை. அவருக்கும் யாரையும் பிடிக்காது. சாப்பாட்டு அறையில் ஐந்து மேசைகள் காலியாக இருந்தாலும் சுவரைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார்.

வயது நாற்பத்தாறு. கனத்த உடம்பு. பதினான்கு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கிடங்கில் இருப்பது ஒரே வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றுக்கு ஈடு கொடுக்கப் பின்னால் ஒரு வார்ப்பிரும்புப் பாளம். அந்தப் பாளத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பு மையில் 2.5 என்று எழுதியிருந்தது. அதனால் வண்டிக்கே ரெண்டரை என்று பெயர். "ரெண்டரைய எடுத்துட்டு வா", "ரெண்டரைக்கு டீசல் ஊத்தியாச்சா" என்றுதான் பேச்சு. பெயரே அப்படி என்பதால், எதைக் கொடுத்தாலும் அது இரண்டரை டன் தூக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தங்கம் என்று பெயர் வைத்த பிள்ளையை அடகுக் கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இந்தத் தொழிலுக்கு அவர் ஓட்டுநராக வரவில்லை. எடையாக வந்தார். அப்போது வயது இருபத்தாறு, கல்யாணமாகி ஒரு வருடம். மனைவியின் அண்ணன் இதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் தங்கை புருஷனைச் சுமை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். பெரிய லோடைத் தூக்கும்போது வண்டியின் பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பும். உடனே உடம்புள்ள இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பின்பாளத்தின் மேல் ஏறி நிற்கச் சொல்வார்கள். அதற்கு அங்கே 'ஆள் வெயிட்டு' என்று பெயர். "மாப்ள, ஏறு" என்பார் மச்சான். இவரும் ஏறுவார். காலுக்கடியில் வண்டி தொட்டில் மாதிரி ஆடுவது வேடிக்கையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் தூக்கிய லோடு முன்கைகளிலிருந்து வழுக்கி விழுந்தது. அந்தரத்தில் இருந்த பின்பக்கம் தடாலென்று தரையில் இறங்கியது. இவர் தூக்கி எறியப்பட்டு இரும்பு அலமாரியின் காலில் போய் மோதினார். இடது முழங்கை இன்றுவரை முழுதாக நீளாது. விபத்துப் பதிவேட்டில் மச்சான் எழுதியது: 'மாடிப்படியில் தவறி விழுந்தார்.' அந்தக் கிடங்கில் மாடியே கிடையாது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில்தான் அவர் படிக்க ஆரம்பித்தார். வண்டி இருக்கையின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த கையேட்டை யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனார். இரண்டரை டன் என்பது ஒரு கணக்கின் தலைவரி மட்டும்தான் என்று அதில்தான் தெரிந்துகொண்டார். லோடின் நடுப்பகுதி, இரும்புக் கையின் அடியிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் இருந்தால்தான் இரண்டரை. நடு தள்ளிப் போகப் போக எடை குறைந்துகொண்டே வரும். எட்டடி நீளப் பெட்டியைக் குறுக்குப் பக்கத்திலிருந்து தூக்கினால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோவோடு சரி. இந்தப் பட்டியலை வண்டியிலேயே ஒரு சின்னத் தகட்டில் அடித்து வைத்திருப்பார்கள். அத்தனை வருடத்தில் கிடங்கில் ஒருவரும் அதைப் படித்ததில்லை.

பிறகு அவர் ஓட்டுநரானார், மச்சான் சூப்பர்வைசரானார். அன்றிலிருந்து கிடங்கில் இவர் அவரை மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சார் என்பார். அந்த சாரில் துளி மரியாதை இருக்காது. அவர் மட்டும் விடாமல் மாப்ள என்றே கூப்பிடுவார். அதில் அன்பு இருக்காது.

போன வருடம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று வண்டி முழுக்க மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார் சூப்பர்வைசர். அடித்தவன் தகட்டின் மேலும் சேர்த்து அடித்துவிட்டான். கேள்வித்தாள் அதைச் சுரண்டப் போனபோது சூப்பர்வைசர், "பெயின்ட்டுல கை வச்சா மெமோ குடுப்பேன்" என்றார். சொன்னபடியே கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டியில் இருந்த ஒரே எழுத்து, சூப்பர்வைசர் பின்பாளத்தில் மறுபடி எழுத வைத்த 2.5தான்.

சண்டை முற்றியது எட்டடிப் பெட்டியில். ஒரு நாள் ஒரு கன்டெய்னர் வந்தது. உள்ளே இரண்டு டன் எடையுள்ள இயந்திரப் பெட்டி. கைகளை நுழைக்கும் துளை குறுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. கேள்வித்தாள் பார்த்தார், சாவியை உருவினார், இறங்கினார்.

"ரெண்டு டன்தான மாப்ள. வண்டி ரெண்டரை. இன்னும் அரை டன்னு பாக்கி இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

"பாக்கிய நீங்க வச்சுக்கங்க சார்."

"கொக்கி எத்தன தடவ தூக்கியிருக்கான் தெரியுமா?"

கொக்கி என்பவர் இன்னொரு ஓட்டுநர். முன்பு கிரேனில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர்.

"பின்னாடி ஆள நிக்க வச்சுத் தூக்கியிருக்காரு. இன்னிக்கும் அப்படித்தான்னா நீங்களே ஏறி நில்லுங்க. உடம்பு இருக்கே."

அன்று கொக்கி விடுமுறை. அரை நாள் கன்டெய்னர் வாசலில் நின்றது. கடைசியில் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு பங்காக இறக்கினார்கள். மேனேஜர் சூப்பர்வைசரை நிற்க வைத்துத் திட்டியது வாசல்வரை கேட்டது.

மறுவாரம் ஓட்டுநர்களுக்கு வருடாந்தரத் தேர்வு. இருபது கேள்வி, வாய்மொழியாக. பதினெட்டு சரியாக இருந்தால் ஓட்டுநர் அட்டை புதுப்பிக்கப்படும். இல்லையென்றால் ஒரு வருடம் இருக்கையில் உட்கார முடியாது, சுமைதான். கேள்விகளையும் விடைகளையும் தயாரித்தவர் சூப்பர்வைசர். கேட்பதற்கு மட்டும் மேலிடத்திலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வருவதாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேள்வித்தாள் செருப்பைக் கழற்றும் முன்பே மனைவி ஆரம்பித்தாள்.

"அண்ணன் போன் பண்ணுச்சு. வண்டி எவ்வளவு தூக்கும்னு பதினோராவது கேள்வி வருதாம். ரெண்டரைன்னு மட்டும் சொல்லச் சொல்லுச்சு. மத்தத நீங்க எப்படி வேணா சொல்லிக்கங்களாம்."

"தப்பான பதில் அது."

"சரியான பதில் சொல்லி என்னத்தக் கண்டீங்க? ஒருத்தன் உங்ககூட நின்னு பேசறானா? ரெண்டரைன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"கை வலிக்கும்" என்றார்.

அவள் அவருடைய முழங்கையைப் பார்த்தாள். பிறகு இன்னும் கோபமானாள். "அன்னிக்கு நானும்தான் கேக்கறவங்ககிட்டல்லாம் மாடிப்படின்னு சொன்னேன். எங்கண்ணனுக்காகச் சொன்னேன். பொய்தான். சொல்லிட்டுப் பேசாம இருந்தேன்ல? நாளைக்கு நீங்க ஒரு தடவ சொல்லுங்க. நாப்பத்தாறு வயசுல மறுபடியும் மூட்டை தூக்கப் போறீங்களா, அந்தக் கைய வச்சுக்கிட்டு?"

அவள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். வந்த அரை மணி நேரத்தில் எல்லாருடைய வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டார். வாசலில் புகைத்தவன் பெயரை எழுதிக்கொண்டார், தீயணைப்பான் முன்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைச் சூப்பர்வைசர் கையாலேயே எடுக்க வைத்தார். தேர்வு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சூப்பர்வைசர் தள்ளி நின்றார். கொக்கி முதலில் உட்கார்ந்து பதினெட்டு வாங்கினார். விடைகளை முந்தின நாளே அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுந்து போகாமல் அங்கேயே சரக்கு அடுக்கும் ஒரு பேலட் பலகையின் மேல் உட்கார்ந்து, "கேள்வித்தாளுக்கே கேள்வித்தாளா" என்றார்.

"லோடோட சரிவுல இறங்கணும். எப்படி?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"பின்பக்கமா. லோடு எப்பவும் மேட்டப் பாத்து இருக்கணும்."

"வண்டி கவிழுது. என்ன பண்ணுவீங்க?"

"குதிக்க மாட்டேன். குதிக்கறவன் மேலதான் வண்டி விழும். பெல்ட்டோட உக்காந்து, ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சு, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சுக்குவேன்."

"மேல பல்பு போயிடுச்சு. ஃபோர்க்குல ஒரு பேலட்ட வச்சு, அதுல ஒரு ஆள ஏத்தி மாத்தலாமா?"

"பல்ப மாத்தலாம். ஆள மாத்த முடியாது."

"கூடாதுன்னு எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க."

"முன்னாடி இன்னொரு வண்டி போகுது. எவ்வளவு இடைவெளி விடுவீங்க?"

"இங்க இருக்கறதே ஒரு வண்டி."

"இருந்தா?"

"ரெண்டு வண்டி நீளம்."

"மூணு" என்றார் அதிகாரி. தாளில் ஒரு கோடு போட்டார். கேள்வித்தாளுக்கு முகம் சுருங்கியது. அது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

எட்டாவது கேள்வி: "கண்ணுக்குத் தெரியாத திருப்பம். என்ன செய்யணும்?"

"நிறுத்தி, எட்டிப் பாத்துட்டுப் போவேன்."

"ஹாரன்?"

"அடிக்கறதில்ல. ஹாரன் அடிச்சா எதிர்ல வர்றவன் ஒதுங்குவான்னு நம்பணும். நான் யாரையும் நம்பறதில்ல."

"சரி. அந்தப் பக்கத்துல வர்றவருக்கு நீங்க வர்றது எப்படித் தெரியும்?"

பதினான்கு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வித்தாள் யோசித்ததே இல்லை. இரண்டாவது கோடு விழுந்தது. பேலட்டின் மேலிருந்து கொக்கி செருமினார். சூப்பர்வைசர் கைகளைக் கட்டிக்கொண்டார். இனி ஒன்று தவறினால் முடிந்தது.

ஒன்பதும் பத்தும் சரி. "பதினொன்னு. இந்த வண்டி எவ்வளவு தூக்கும்?"

"எத?"

"கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கேள்வி கேக்காதீங்க."

"எதத் தூக்கறதுன்னு தெரியாம எவ்வளவுன்னு சொல்ல முடியாது. நாலடிப் பெட்டின்னா ஒரு எடை. எட்டடிப் பெட்டின்னா வேற எடை."

"மாப்ள, ஒரு நம்பர் சொல்லு போதும்" என்றார் சூப்பர்வைசர். "பின்னாடியே எழுதியிருக்கு. பாத்துச் சொன்னாக்கூடப் பரவால்ல."

"பின்னாடி எழுதினது நீங்க. தயாரிச்சவன் எழுதினது முன்னாடி இருக்கு. அத நீங்க பெயின்ட் அடிச்சு மூடிட்டீங்க."

அதிகாரி விடைத்தாளைப் பார்த்தார். "இங்க ரெண்டரை டன்னுன்னு இருக்கு."

"அப்ப தப்புன்னு போடுங்க."

"போட்டா உங்களுக்குப் பதினேழுதான் வரும். மீதி எல்லாம் சரியா சொன்னாலும்."

"எண்ணத் தெரியும் மேடம். ஆனா போடறதுக்கு முன்னாடி பெயின்ட்டக் கரைக்கற தின்னர் கொஞ்சமும் துணியும் கொண்டு வரச் சொல்லுங்க. நான் கேட்டா மெமோதான் வரும்."

"தேர்வ நிறுத்திட்டு வண்டியக் கழுவணுமா இப்ப?" என்று சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். "நான் கூட்டிட்டு வந்து விட்ட ஆளு மேடம் இவன். சோத்துக்கு வழி பண்ணினவன் மேலயே பாயறான். குடும்பத்துல உள்ள புகைச்சல இங்க கொண்டு வந்து கொட்டறான்."

"உங்க குடும்பம் எனக்கு வேண்டாம். தின்னர் எங்க இருக்கு?" என்றார் அதிகாரி.

துணியை நனைத்துத் தகட்டை அவரே துடைத்தார். கேள்வித்தாளை விடவில்லை. "தொடாதீங்க. அப்புறம் நீங்க எழுதிட்டீங்கன்னு இவரு சொல்வாரு." மஞ்சள் கரைந்து கரைந்து வந்தது. எழுத்துகள் தகட்டில் அடித்தவை என்பதால் பள்ளங்களில் பெயின்ட் தங்கி, எண்கள் மஞ்சளாகத் தெரிந்தன. மேல் வரி: ஐந்நூறு மில்லிமீட்டர், 2500. அதற்கடுத்து அறுநூறு. எண்ணூறு. கடைசி வரியின் இடது பாதி மட்டும் கிடைத்தது: ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர். வலது பாதியில் எப்போதோ ஏதோ இடித்துத் தகடே நசுங்கியிருந்தது.

"கடைசி வரியில என்ன இருந்துச்சு?" என்று திரும்பாமலே கேட்டார் அதிகாரி.

"ஆயிரத்து நானூத்து நாப்பது."

அதிகாரி கைபேசியில் வண்டியைத் தயாரித்த கம்பெனியை அழைத்து வண்டியின் எண்ணைச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து மறுமுனை சொன்னதைத் தாளின் ஓரத்தில் எழுதினார். 1440. பதினோராவது கேள்விக்கு அவர் போட்டது சரிக்குறி. மீதி ஒன்பதும் வேகமாக முடிந்தன. பதினெட்டு.

"இந்தக் கேள்வித்தாளத் தயார் பண்ணது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"அவங்கம்மாங்க மேடம்" என்றார் கொக்கி, கேள்வித்தாள் பக்கம் கண்ணைக் காட்டி.

அதிகாரி சிரிக்கவில்லை. கொக்கியின் தாளை வெளியே எடுத்தார். "நீங்க பதினொன்னுக்கு ரெண்டரைன்னு சொல்லியிருக்கீங்க. அது தப்பு. உங்களுக்குப் பதினேழு. விடைத்தாளே தப்பா இருந்ததால ஒரு வருஷம் தள்ளாம மறுதேர்வு வைக்கறோம். அதுவரைக்கும் வண்டியில உக்காரக் கூடாது."

கொக்கி பேலட்டிலிருந்து இறங்கினார். "இது என்ன நியாயம்? சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அன்று கேள்வித்தாளுக்கு நல்ல நாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். அதிகாரி குறுக்கே கை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

"பாஸ் பண்ணிட்டேனே."

"நீங்க பண்ணிட்டீங்க. வண்டி பண்ணல. எடைத் தகடு படிக்க முடியாத வண்டிய ஓட்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கையேட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. ஒரு வருடமாக அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டேதான் ஓட்டியிருந்தார். இருக்கையை விடக் கூடாது என்பதால் அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை, தன்னிடமும். சாவியைக் கொடுத்தார். அதிகாரி ஸ்டியரிங்கில் 'இயக்கக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்.

புதுத் தகடு வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அதுவரை வந்த சரக்கையெல்லாம் கையால் தள்ளும் பேலட் வண்டியில் வைத்து இழுத்தார்கள். கனமான லாரிகளை வேறு கிடங்குக்குத் திருப்பிவிட்டார்கள். நீளாத முழங்கையோடு கேள்வித்தாளும் இழுத்தார். பையில் புது அட்டை இருந்தது. "அட்டையக் காட்டு, அதுவா நகருதான்னு பாப்போம்" என்றார்கள் சுமை ஆட்கள். ஒருவர் அவருடைய நாற்காலியை எடுத்துச் சாப்பாட்டு அறைக்கு வெளியே போட்டார். அவர் வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சூப்பர்வைசருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவர் மாப்ள என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். வேலையைக் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டிலும் நிலவரம் அதுதான். "எங்கண்ணன் பேரக் கெடுத்தாச்சு. சந்தோஷமா?" என்றாள் மனைவி, அவர் முழங்கையில் தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டே. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் மெதுவாகத் தேய்த்திருக்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் நாள் தகட்டை அறைந்து முடித்தார்கள். சிவப்பு அட்டை போனது. செல்லுபடியாகும் அட்டை இருந்த ஒரே ஆள் என்பதால் சாவி அவருக்கே வந்தது. சூப்பர்வைசர் அதை மேசையில் வைத்து அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். கேள்வித்தாள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். கிளம்பும் முன் கொக்கி வந்து வண்டியின் முன்னால் நின்றார். கையில் அளவு டேப் இருந்தது. அவருக்கு மறுநாள் மறுதேர்வு.

"அந்தத் தூரத்த எங்கேருந்துய்யா அளக்கணும்? சூப்பர்வைசரக் கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றாரு."

"முன்னாடி நிக்காத. ஓரமா வந்து கேளு."

கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக வந்தார். "சொல்லித் தொலை."

"கையோட நுனியிலேருந்து இல்ல. அது வளைஞ்சு மேல ஏறுது பாரு, அந்த அடியிலேருந்து. லோடோட நடு வரைக்கும்."

"இத மொதல்லயே ஒழுங்கா சொல்லியிருந்தா, நான் ஏன்யா பெயிலாகப் போறேன்?"

"நீ எப்ப கேட்ட?"

கொக்கி அவரை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். பிறகு முழங்காலிட்டு டேப்பின் முனையை இரும்புக் கையின் அடியில் மாட்டி, நுனிப் பக்கமாக இழுத்தார். டேப் இரண்டு முறை கழன்று வந்தது. கேள்வித்தாள் இறங்கிப் பிடித்துக்கொடுக்கவில்லை. ஆனால் இன்ஜினையும் போடாமல், அவர் அளந்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார்.